கேட்டீங்க, சொல்றோம்: இந்த வாரம் முழுக்க வக்கீல் கிரிஷாம்

போன இதழ்ல ஒரு வாசகர், அமெரிக்க நாவலாசிரியர் ஜான் கிரிஷாம் இன்னும் எழுதறாரான்னு கேட்டிருந்தார். எழுதறார், வருஷத்துக்கு ஒண்ணாவது வந்துருதுன்னு ஒத்தை வரியில பதில் போட்டேன். அவ்வளவுதான், அதுக்கப்புறம் வந்த தபால், மெயில், வாட்ஸப் எல்லாத்துலயும் பாதிக்கு மேல அவரைப் பத்தியே கேள்வி, அதுலயும் முக்காவாசி வக்கீல்கள் கிட்டேர்ந்து. சினிமா கேள்விங்க அடுத்த வாரம், கோவிச்சுக்காதீங்க.

கிரிஷாம் நிஜமாவே கோர்ட்டுக்குப் போன வக்கீலா சார், இல்ல டிகிரி வாங்கி சுவத்துல மாட்டி வெச்சதோட சரியா? (சட்டக் கல்லூரி மாணவி)

நிஜ வக்கீல் தாம்மா, கிட்டத்தட்ட பத்து வருஷம் பிராக்டிஸ். 1955 பிப்ரவரி 8ம் தேதி ஆர்கன்சாஸ் மாநிலத்துல ஜோன்ஸ்பரோங்கற ஊர்ல பொறந்தார், அஞ்சு பிள்ளைங்கள்ல ரெண்டாவது. அப்பா பருத்தி போட்டவர், கட்டட வேலைக்கும் போனவர், வேலை எங்கயோ குடும்பமும் அங்க, அப்படியே ஊர் ஊரா அலைஞ்சு கடைசியில மிசிசிப்பியில சவுத்தேவன்ல வந்து நின்னாங்க. பையனுக்கு பேஸ்பால் ஆட்டக்காரன் ஆகணும்னு கனவு, அது நடக்கல. படிக்கற வயசுல அவர் பார்த்த வேலைகளைக் கேளுங்க: நர்சரியில செடிக்குத் தண்ணி ஊத்த மணிக்கு ஒரு டாலர், அப்புறம் வேலி போடற ஆளுங்களோட ஒண்ணரை டாலர், பிளம்பிங் கான்ட்ராக்டர் கிட்ட எடுபிடி, ஹைவேயில தார் போடற வேலை, சியர்ஸ் கடையில ஆம்பளைங்க ஜட்டி பனியன் செக்‌ஷன்ல சேல்ஸ்மேன். தார் ரோட்டு வெயிலை விட அந்த ஜட்டி செக்‌ஷன் தான் மானம் போன வேலைன்னு பின்னாடி அவரே எழுதியிருக்கார்.

1977ல அக்கவுண்டிங் டிகிரி, 1981ல மிசிசிப்பி யுனிவர்சிட்டியில சட்டம். உள்ள போகும்போது டாக்ஸ் வக்கீல் ஆகறதா தான் பிளான், கணக்கு படிச்ச பையன் இல்லையா, ஆனா பாதியிலயே மனசு மாறி கிரிமினல் கேஸ், விபத்து நஷ்டஈடு கேஸ்னு திரும்பிட்டார். சவுத்தேவன்லயே ஆபீஸ். வாரத்துக்கு 60லேர்ந்து 70 மணி நேரம் உழைப்பு. இது பத்தாதுன்னு 1983ல மாநிலப் பிரதிநிதிகள் சபைக்கு வேற நின்னு ஜெயிச்சார், நம்ம பாஷையில எம்.எல்.ஏ., சம்பளம் வருஷத்துக்கு 8,000 டாலர் தான்.

ஒண்ணு மனசுல வெச்சுக்கோம்மா, அவர் கம்பெனிக்காரன் பக்கம் நின்ன வக்கீல் இல்ல. அடிபட்டவன், வேலை போனவன், வக்கீலுக்குக் குடுக்க கையில காசில்லாதவன், இவங்க பக்கம். அமெரிக்காவுல நஷ்டஈடு கேஸ்ல ஜெயிச்சா வக்கீலுக்குப் பெரும்பாலும் மூணுல ஒரு பங்கு, தோத்தா ஃபீஸே கிடையாதுன்னு ஒப்பந்தம் போட்டுக்கலாம், நம்ம நாட்டுல பார் கவுன்சில் விதிப்படி அது கூடாது. அந்த ஏற்பாட்டுல வக்கீலும் கட்சிக்காரனோட சேர்ந்து சூதாடறான், தோத்தா அவனுக்கும் அந்த மாச வாடகை இடிக்கும். கிரிஷாம் கதைகள்ல வர்ற சின்ன வக்கீலுங்க எப்பவும் பேங்க் பேலன்ஸ் பயத்துலயே அலையறது ஏன்னு இப்ப புரியும்.

முதல் நாவலுக்கு நிஜ கேஸ் ஒண்ணு தான் காரணம்னு சொல்றாங்களே, அது என்ன? (பணி ஓய்வு பெற்ற வாசகர்)

ஆமாங்க, ஆனா அது அவர் நடத்தின கேஸ் இல்ல. 1984, மிசிசிப்பியில டிசோட்டோ கவுண்ட்டி (நம்ம ஜில்லா மாதிரி), ஹெர்னாண்டோ ஊர் கோர்ட். அங்க 12 வயசுப் பொண்ணு ஒருத்தி தனக்கு நடந்த பாலியல் கொடுமையை ஜூரி, அதாவது தீர்ப்பு சொல்ல உக்கார வெச்ச பொதுஜனங்க, முன்னாடி சாட்சியா சொல்றதை கிரிஷாம் கேட்டார். கேட்டவருக்குத் தூக்கம் போச்சு. அந்தப் பொண்ணோட அப்பன் துப்பாக்கிய எடுத்து அவனுங்களை சுட்டிருந்தா என்ன ஆகும், அந்த அப்பனுக்கு நான் வக்கீலா நின்னா ஜூரி கிட்ட என்னத்தைச் சொல்லுவேன், இது தான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்திருக்கு. 'எ டைம் டு கில்' நாவல் மொத்தமும் இந்த ஒரு கேள்வி தான். இதோட நிறத்தையும் சேர்த்தார், அப்பா கறுப்பர், செத்தவனுங்க வெள்ளைக்காரனுங்க, ஊர் மிசிசிப்பி, ஜூரி மொத்தமும் வெள்ளை.

எழுதின விதம் தான் எனக்குப் பிடிச்ச சமாச்சாரம். காலையில 5 மணிக்கு அலாரம், எழுந்து குளிச்சு, அஞ்சு நிமிஷ தூரத்துல இருக்கற ஆபீஸ்க்கு ஓடி, 5.30 மணிக்கு கையில காபியும் முன்னாடி மஞ்சள் கோடு போட்ட லீகல் பேடும் இருக்கணும், முதல் வார்த்தை விழுந்திருக்கணும், வாரத்துக்கு அஞ்சு நாள். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் தான் குறி. சில நாள் பத்து நிமிஷத்துல வந்துரும், சில நாள் ஒரு மணி ரெண்டு மணி இழுக்கும், அப்புறம் வாசல்ல கட்சிக்காரங்க வந்து நிப்பாங்க, கோர்ட்டுக்குக் கிளம்பணும், சட்டசபை நடக்கற மாசம்னா அங்க போகணும். இப்படியே மூணு வருஷம், 1987ல தான் முடிஞ்சுது. முடிஞ்ச மறுநாளே அடுத்த நாவலை ஆரம்பிச்சுட்டார். நம்ம எழுத்தாளருங்க நிறைய பேர் முதல் புத்தகம் முடிச்சதும் வெளியீட்டு விழாவுக்கு யார் யாரைக் கூப்பிடலாம்னு லிஸ்ட் போட ஆரம்பிச்சுருவாங்க, அது வேற கதை.

பதிப்பாளருங்க வரிசையா திருப்பி அனுப்பினாங்க. கடைசியில வின்வுட் பிரஸ்ங்கற சின்ன கம்பெனி 5,000 பிரதி போட்டுச்சு. அதுல 1,000 பிரதிய இவரே காசு குடுத்து வாங்கி, கார் டிக்கியில ஏத்திக்கிட்டு ஊர் ஊரா போய் வித்தார். இன்னைக்கு அந்த முதல் பதிப்பைப் பழைய புத்தகம் சேர்க்கறவங்க ஆயிரக்கணக்கான டாலர் குடுத்து வாங்கறாங்க, அன்னைக்கு சும்மா குடுத்தா கூட யோசிச்சிருப்பாங்க.

இந்த நாவல் படமா வந்ததைப் பார்த்தவங்களுக்கு ஒரு தகவல். கிளைமாக்ஸ்ல வக்கீல் ஜூரியைக் கண்ணை மூடச் சொல்லி, அந்தக் குழந்தைய வெள்ளைக்காரக் குழந்தையா நினைச்சுப் பாருங்கன்னு பேசுவாரே, தியேட்டரே அழுத சீன். நாவல்ல அதைச் சொல்றது வக்கீல் இல்ல. ஜூரி ரூம் கதவை சாத்தினப்புறம் உள்ள இருக்கற ஒரு பொம்பளை, அவளும் ஜூரர் தான், மத்தவங்களைக் கண்ணை மூடச் சொல்றா. வக்கீல் என்ன பேசினாலும் கடைசியில அந்த மூடின கதவுக்குள்ள ஏதோ ஒரு சாதாரண ஆள் வாயைத் திறந்தா தான் தீர்ப்பு மாறும்னு கோர்ட்ல காத்துக் கிடந்த ஆளுக்குத் தெரியும். ஹாலிவுட்காரங்க அந்த வசனத்தைப் பிடுங்கி ஹீரோ கையில குடுத்துட்டாங்க. நம்ம ஊரா இருந்தாலும் அதையே தான் செஞ்சிருப்பாங்க.

நானும் 11 வருஷமா வக்கீல், பாதி நாவல் எழுதி வெச்சிருக்கேன், கிரிஷாம் மாதிரி தொழிலை விட்டுட்டு முழுநேரம் எழுத உக்காரலாம்னு இருக்கேன். என்ன சொல்றீங்க? (பெயர் வேண்டாம் என்றவர்)

கிரிஷாம் மாதிரின்னா அவர் எப்ப விட்டார்னு முதல்ல பாருங்க சார். முதல் நாவல் விக்கல, விடல. ரெண்டாவது நாவலை எழுதி முடிச்சார், அப்பவும் விடல. 1990ல அந்த ரெண்டாவது நாவலோட, அதாவது 'தி ஃபர்ம்' கதையோட, சினிமா உரிமைய பாரமவுண்ட் 6 லட்சம் டாலருக்கு வாங்குச்சு, இத்தனைக்கும் புத்தகம் போட அப்ப ஒரு பதிப்பாளர் கூட கையெழுத்து போட்டிருக்கல. சினிமாக்காரன் வாங்கிட்டான்னு தெரிஞ்சப்புறம் தான் டபுள்டே மாதிரி பெரிய கம்பெனி வந்து புத்தகத்தை எடுத்துச்சு. அந்த 6 லட்சத்துக்கு அப்புறம் தான் சட்டசபை சீட்டையும் பதவிக்காலம் முடியறதுக்குள்ள விட்டார், ஆபீஸையும் மூடினார். 1991ல புத்தகம் வந்துச்சு, நியூயார்க் டைம்ஸ் பெஸ்ட்செல்லர் பட்டியல்ல 47 வாரம், அந்த வருஷம் அமெரிக்காவுல அதிகம் வித்த நாவல்கள்ல அதுவும் ஒண்ணு. இதுவரைக்கும் அவர் புத்தகங்கள் எல்லாம் சேர்த்து வித்தது உலகம் பூரா 30 கோடி பிரதிக்கு மேல.

அவரை தைரியசாலின்னு எல்லாரும் எழுதறாங்க, எனக்கு என்னவோ கணக்குப் படிச்ச ஆளோட ஜாக்கிரதை தான் தெரியுது. நீங்க முதல்ல மீதி பாதிய முடிங்க. 5 மணி அலாரத்துக்கு யார் கிட்டயும் அனுமதி கேக்க வேண்டாம்.

எழுதும்போது இன்னொன்னும் பார்த்துக்கோங்க, இது பதில் எழுதறவனா இல்லாம தெரிஞ்சவனா சொல்றேன். கட்சிக்காரர் உங்களை நம்பி சொன்னதை வெளியில சொல்லக் கூடாதுங்கற கட்டுப்பாடு வழக்கு முடிஞ்சாலும் முடியாது, பழைய சாட்சியச் சட்டத்துல 126ம் பிரிவு, இப்ப 2024 ஜூலைலேர்ந்து அமல்ல இருக்கற பாரதிய சாக்‌ஷ்ய அதிநியமத்துல 132ம் பிரிவு. பாலியல் வழக்குன்னா பாதிக்கப்பட்டவங்களை அடையாளம் காட்டறது தனி குற்றம், ரெண்டு வருஷம் வரை ஜெயில். பேரை மட்டும் மாத்திட்டு ஊர், தெரு, வேலை, குடும்பம் எல்லாத்தையும் அப்படியே வெச்சா யாருன்னு ஊருக்கே தெரிஞ்சுரும். கிரிஷாம் செஞ்சதை கவனிங்க, தான் கேட்ட சாட்சியத்துலேர்ந்து ஒரு கேள்விய மட்டும் எடுத்துக்கிட்டார், ஊர் கூட ஃபோர்டு கவுண்ட்டி, கிளான்டன்னு கற்பனை ஊர். அப்புறம் புத்தகத்தோட பின்னட்டையில ஆபீஸ் விலாசமும் செல் நம்பரும் போட்றாதீங்க, வக்கீல் விளம்பரம் பண்ணக் கூடாதுன்னு பார் கவுன்சில் விதி இருக்கு.

எல்லா கதையிலயும் ஜூரி ஜூரின்னு வருது, தலை சுத்துது. கொஞ்சம் சொல்லுங்களேன். (இல்லத்தரசி)

அமெரிக்காவுல பெரிய வழக்குன்னா குத்தவாளியா இல்லையா, நஷ்டஈடு உண்டா இல்லையான்னு முடிவு பண்றது ஜட்ஜ் இல்லம்மா, பொதுஜனத்துலேர்ந்து கூப்பிட்டு உக்கார வெச்ச ஆளுங்க, வழக்கமா 12 பேர். டீச்சர் இருப்பாங்க, டிரைவர் இருப்பாங்க, ரிட்டயர்டு ஆள் இருப்பார். ஜட்ஜோட வேலை சட்டத்தை விளக்கறதும் சண்டைய கட்டுக்குள்ள வெக்கறதும். இந்த 12 பேரைத் தேர்ந்தெடுக்கறதே தனி யுத்தம். ரெண்டு பக்க வக்கீலும் வந்தவங்களைக் கேள்வி கேப்பாங்க, இவர் ஒருதலைப்பட்சம்னு காரணம் காட்டி நீக்கச் சொல்லலாம், காரணமே சொல்லாம குறிப்பிட்ட எண்ணிக்கை வரைக்கும் நீக்கவும் உரிமை உண்டு. காசுள்ள கம்பெனின்னா யாரை வெக்கலாம் யாரைக் கழட்டலாம்னு சொல்றதுக்கே கன்சல்டன்ட் வெச்சுக்கும். 'ரன்அவே ஜூரி' நாவல் மொத்தமும் இதான், சிகரெட் கம்பெனி மேல வழக்கு, ஜூரியை விலைக்கு வாங்கப் பாக்கறாங்க, ஆனா ஜூரிக்குள்ளயே ஒருத்தன் எல்லாருக்கும் மேல கேம் ஆடறான். 2003ல படமா வந்தப்ப சிகரெட் கம்பெனிய துப்பாக்கி கம்பெனியா மாத்திட்டாங்க.

நம்ம நாட்டுலயும் ஜூரி இருந்துச்சு. 1959ல பம்பாய்ல, மனைவியோட காதலனைச் சுட்டுக் கொன்ன கடற்படை அதிகாரி நானாவதி வழக்குல ஜூரி 8க்கு 1ன்னு நிரபராதின்னு சொல்ல, ஜட்ஜ் அதை ஏத்துக்காம ஹைகோர்ட்டுக்கு அனுப்ப, அங்க ஆயுள் தண்டனை. அந்தக் காலகட்டத்துலயே ஜூரி முறை தேஞ்சுட்டு வந்துச்சு, 1973 குற்றவியல் நடைமுறைச் சட்டத்துல சுத்தமா போயிருச்சு. நம்ம மொழியில கிரிஷாம் மாதிரி கோர்ட் நாவல் ஏன் இல்லைன்னு நாலு பேர் தனியா கேட்டிருக்கீங்க, எனக்குத் தெரிஞ்ச முதல் காரணம் இதான். அங்க வக்கீல் பேசறது வாசகன் மாதிரியே இருக்கற 12 பேர் கிட்ட. இங்க எல்லாம் எழுத்து மூலம், அப்புறம் வாய்தா. வாய்தாவை வெச்சு த்ரில்லர் எழுத முடியாது, வேணும்னா காமெடி எழுதலாம்.

கணேஷ் வசந்த் எழுதின சுஜாதாவும் வக்கீல் தானே? (ஒன்பதாம் வகுப்பு மாணவர்)

இல்லடா கண்ணா, அவர் இன்ஜினியர். அவர் எழுதின ஆளுங்க தான் வக்கீல்.

தமிழ்ல கோர்ட்லேர்ந்து நாவலுக்கு வந்தவங்க யாருமே இல்லையா? (தமிழாசிரியை)

முதல் ஆளே அங்கேர்ந்து வந்தவர் தாங்க டீச்சர், உங்களுக்குத் தெரியாததா. மாயூரம் வேதநாயகம் பிள்ளை, 1826ல பொறந்தவர், கோர்ட்ல ரெக்கார்டு கீப்பரா, மொழிபெயர்ப்பாளரா இருந்து முன்சீப், அதாவது கீழ் கோர்ட் ஜட்ஜ், ஆனவர். வக்கீல்னு சொல்ல முடியாது, மேடையில உக்காந்த பக்கம். 1879ல வந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்' தான் தமிழோட முதல் நாவல்னு எல்லா பாடப் புத்தகத்துலயும் இருக்கும். பாடப் புத்தகத்துல அவ்வளவா வராத ஒண்ணு, உயர் நீதிமன்றத் தீர்ப்புகளை ஜனங்களுக்குப் புரியணும்னு தமிழ்ல மொழிபெயர்த்துப் புத்தகமா போட்டவரும் அவர் தான். தமிழ்நாட்டு கோர்ட்ல தமிழ் வக்கீல் இங்கிலீஷ்ல வாதாடற கூத்தை நாவலுக்குள்ளயே ஒரு பிடி பிடிச்சிருக்கார். கட்சிக்காரனுக்குப் புரியாத பாஷையில அவன் தலையெழுத்தைப் பேசறாங்கற கோவம் அது, நூத்தம்பது வருஷம் ஆகப் போகுது, கோவம் இன்னும் செல்லுபடி ஆகுது.

தொழிலை விட்டப்புறம் கிரிஷாம் கோர்ட் பக்கமே போகலையா? (வக்கீல் குமாஸ்தா)

ஒரு தடவை போனார். ரயில்வேயில பிரேக்மேனா வேலை பார்த்த ஒருத்தர் ரெண்டு பெட்டிக்கு நடுவுல நசுங்கி செத்துட்டார், அந்தக் குடும்பத்துக்கு நான் வாதாடறேன்னு தொழில்ல இருக்கும்போதே வாக்கு குடுத்திருந்தார். வழக்கு விசாரணைக்கு வர்றதுக்குள்ள இவர் உலகப் புகழ், அந்தக் கதைகளை வெச்சு அஞ்சாறு வருஷத்துல கோடிகள். ஆனாலும் 1996ல திரும்பி வந்து ஜூரி முன்னாடி நின்னு வாதாடி 6,83,500 டாலர் வாங்கிக் குடுத்தார், அவரோட வக்கீல் வாழ்க்கையிலயே பெரிய தீர்ப்புத் தொகை அதான். வேற வக்கீலுக்கு மாத்தி விட்டிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டாங்க. குமாஸ்தாவா இருக்கற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்ல, வக்காலத்து மாத்திக்கிட்டு நைசா கழண்டுக்கறவங்களைத் தினம் பாக்கறீங்க.

அதுக்கப்புறம் வேற வழியில போனார். 2004 டிசம்பர்ல பேப்பர்ல ஒரு இரங்கல் செய்தி பார்த்தார், ரான் வில்லியம்சன்னு ஒருத்தர், ஓக்லஹோமாவுல ஏடாங்கற ஊர். பேஸ்பால்ல பெரிய ஆளா வருவார்னு ஊரே நம்பின ஆட்டக்காரர், ஆட்டம் போச்சு, மனநிலையும் கெட்டுச்சு, 1982ல நடந்த ஒரு கொலைக்கு 1988ல மரண தண்டனை. 1994ல தண்டனை நிறைவேற்ற அஞ்சு நாள் இருக்கும்போது கோர்ட் நிறுத்துச்சு, 1999ல டி.என்.ஏ. சோதனையில இவர் இல்லைன்னு நிரூபணம் ஆகி விடுதலை. கிரிஷாமோட வயசுக்குப் பக்கத்து வயசு, அதே பேஸ்பால் கனவு, அதே மாதிரி சின்ன ஊர். 2006ல 'தி இன்னொசன்ட் மேன்' எழுதினார், நாவல் இல்ல, அவரோட முதல் நிஜக் கதைப் புத்தகம். தப்பா தண்டிக்கப்பட்டவங்களுக்காகப் போராடற இன்னொசன்ஸ் புராஜெக்ட் அமைப்போட நிர்வாகக் குழுவுலயும் இருந்தார். புத்தகத்துல வந்த அரசு வக்கீல் உட்பட சிலர் இவர் மேலயே அவதூறு வழக்கு போட்டாங்க, அது தள்ளுபடி ஆச்சு.

இவருக்கு முன்னாடியே இந்த வேலையச் செஞ்ச வக்கீல் எழுத்தாளர் ஒருத்தர் இருக்கார், நம்ம தாத்தாக்கள் லெண்டிங் லைப்ரரியில எடுத்துப் படிச்ச பெர்ரி மேசன் கதைகளோட ஆசிரியர் ஏர்ல் ஸ்டான்லி கார்ட்னர். 1911ல கலிஃபோர்னியாவுல வக்கீல் ஆனவர், 1948லேர்ந்து ஒரு பத்திரிகையோட சேர்ந்து, அப்பாவிகள் ஜெயில்ல இருக்காங்களான்னு பழைய வழக்குகளைத் தோண்டி எடுத்தார். கதையில மேசன் ஜெயிச்சுட்டே இருந்ததுல அவருக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சி இருந்திருக்குமோன்னு எனக்கு சந்தேகம்.

கிரிஷாம் எழுதறது இலக்கியமா? (கவிஞர்)

இந்தக் கேள்வி எங்க இன்னும் வரலையேன்னு பார்த்தேன். அவரே அப்படி சொல்லிக்கல. பெண் பாத்திரங்கள் நிறைய இடத்துல மெலிசு, கெட்டவன்னா முழுக்க கெட்டவன், சில புத்தகங்கள்ல கடைசி அம்பது பக்கம் பஸ்ஸைப் பிடிக்கற அவசரத்துல எழுதின மாதிரி இருக்கும். ஆனா 2001ல 'எ பெயின்டட் ஹவுஸ்'னு ஒண்ணு எழுதினார், கோர்ட்டும் கிடையாது வக்கீலும் கிடையாது, 1952ல ஆர்கன்சாஸ்ல பருத்தி எடுக்கற சீசன், ஏழு வயசுப் பையன் ஒருத்தன் பாக்கறான். கூலிக்கு வந்த குடும்பங்கள் முற்றத்துல கூடாரம் போடறதும், மழை வருமோன்னு தாத்தா வானத்தையே பாக்கறதும், சாக்கு எடை போடற இடத்துல பெரியவங்க முகம் மாறறதும்னு நின்னு நிதானமா போகும். அதைப் படிச்சுட்டு வந்து கேளுங்க கவிஞரே, பேசுவோம்.

இதுவரை ஒண்ணு கூட படிச்சதில்ல, எதுல ஆரம்பிக்கட்டும்? (செவிலியர்)

'தி ரெயின்மேக்கர்'. லுக்கீமியா வந்த பையனுக்கு எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைக்குப் பணம் தர மாட்டேன்னு இன்சூரன்ஸ் கம்பெனி ஏழு தடவை எழுதி, எட்டாவது தடவை அம்மாவைத் திட்டியே ஒரு லெட்டர் போடும், அந்த லெட்டரை அப்ப தான் பரீட்சை பாஸ் பண்ணின வக்கீல் பையன் கையில எடுத்துக்கிட்டு கோர்ட்டுக்குப் போறான். கிளெய்ம் ரிஜெக்ட் ஆகி கையைப் பிசைஞ்சுட்டு நிக்கற குடும்பங்களை நீங்க வார்டுல பார்த்திருப்பீங்க, அதனால தான் உங்களுக்கு இதைச் சொல்றேன். அடுத்தது 'தி ஃபர்ம்', ஆனா படத்தைப் பார்த்துட்டு முடிவு தெரியும்னு புத்தகத்தை விட்றாதீங்க, ரெண்டுலயும் முடிவு வேற வேற. நைட் டியூட்டிக்கு எடுத்துட்டுப் போகாதீங்க, பேஷன்ட் கூப்பிட்டா காது கேக்காது.